எல்லை நகர்வும் கணக்குக் கேட்கும் உரிமையும்: தேவிகுளம் சட்டமன்றத் தொகுதியை முன்வைத்து

தொகுதி என்னும் சொல் 'தொகு' என்னும் வினையடியாகப் பிறந்தது. தொகை, தொகுப்பு ஆகிய சொற்களோடு உறவுடைய இச்சொல் சிதறிக் கிடப்பவற்றை ஒன்றுசேர்த்தலைக் குறிப்பது. சட்டமன்றத்திற்கு ஓர் உறுப்பினரை அனுப்பும் நிலப்பகுதிக்கு இச்சொல்லைத் தமிழ் தெரிந்தெடுத்தது பொருத்தமே. ஆயின் அத்தொகுதியை உருவாக்கும் செயலுக்கு வழங்கும் சொல் வரையறை என்பதாகும். வரைதல் கோடிடுதல், அறுத்தல் வெட்டுதல். ஒரு சாராரைத் தொகுக்க வேண்டுமாயின் அவர்களைப் பிறிதொரு சாராரிடமிருந்து அறுத்தாக வேண்டும் என்னும் உண்மையை இவ்விரு சொற்களும் சேர்ந்தே உணர்த்துகின்றன. தொகுதி மறுவரையறை பற்றிய பொது விவாதம் பெரும்பாலும் எண்ணிக்கையைச் சுற்றியே நிகழ்கிறது. எந்த மாநிலத்திற்கு எத்தனை இடம், ஒரு வாக்கின் மதிப்பு மற்றொரு வாக்கின் மதிப்புக்குச் சமமா என்பனவே அதன் வினாக்கள். இவை உரிய வினாக்கள்தாம். எனினும் இவற்றுக்கு முற்பட்டதோர் அறவியல் வினா உண்டு. ஓர் எல்லைக்கோடு இடம்பெயரும்போது அதன் இருமருங்கும் வாழ்வோருக்கு இழைக்கப்படுவது யாது? ஒருவருடைய வாக்கு எண்ணத்தால் குறையாமலே அவருக்கு ஓர் இழப்பு நேர முடியுமா? இவ்வினாவைக் கேரளத்தின் தேவிகுளம் தொகுதியை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிலமும் உரியும்

நிலத்தைப் பகுத்து அதன்மேல் வாழ்வைப் பொருத்திக் காணும் முறை தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாக வைத்து, கருப்பொருளையும் உரிப்பொருளையும் அவற்றோடு இயைத்துக் கூறுகிறது. அகத்திணையியலில் இவ்விடத்து வரும் ஒரு விதி நுட்பமானது. திணைகள் தம்முள் மயங்குதல் விலக்கப்படுவதில்லை; நிலம் நிலத்தோடு மயங்குதல் மட்டும் இல்லை என்பது அவ்விதி. உரையாசிரியர்கள் இதனை விரித்துப் பொருள் உரைப்பர். ஈண்டு வேண்டுவது ஒன்றே. குறிஞ்சிக்குரிய ஒழுக்கம் முல்லையில் நிகழலாம். ஆனால் ஒரே இடம் குறிஞ்சியும் முல்லையுமாக இருத்தல் இயலாது. வாழ்வு எல்லை கடக்கும். நிலம் எல்லை கடக்காது.

இலக்கியக் கோட்பாடொன்றைத் தேர்தல் சட்டத்தோடு நேர்நிறுத்தி ஒப்பிடுவது பிழையாகும். திணை ஆட்சிப்பிரிவு அன்று. எனினும் நிலத்தை மயக்கமின்றி வகுக்க முடியும், வாழ்வை அவ்வாறு வகுக்க முடியாது என்னும் பாகுபாடு தொகுதி பற்றிய சிந்தனைக்கு மிகவும் பயன்படுவது. இன்றைய சட்டமும் ஓர் ஊர் இரு சட்டமன்றத் தொகுதிகளில் ஒருசேர அமைவதை ஏற்பதில்லை. 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 17ஆம் பிரிவு ஒருவரின் பெயர் ஒன்றுக்கு மேற்பட்ட தொகுதிகளின் பட்டியலில் இடம்பெறலாகாது என்கிறது. நிலத்திற்கு இவ்விதி இயல்பானது. ஆளுக்கு அது எப்போதும் இயல்பானதா என்பதைத் தேவிகுளம் காட்டும்.

குடும்பும் கணக்கும்

உறுப்பினரைத் தெரிந்தெடுத்தற்கு நிலத்தைப் பகுத்த பழைய சான்றாக உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைத் தமிழறிஞர் அனைவரும் அறிவர். முதலாம் பராந்தக சோழனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற இவை, ஊரை முப்பது குடும்புகளாகப் பகுத்து, குடும்புதோறும் தகுதியுடையோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்த முறையை விரித்துரைக்கின்றன. இவற்றை மக்களாட்சியின் முன்வடிவமாகப் புகழ்வது மேடை வழக்கு. ஆனால் அது பிரமதேயச் சபை. வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் கட்டிய வீடும், வேதப் பயிற்சியும் உடைய ஆடவர்க்கே அதில் இடம். அவ்வூர் நிலத்தில் உழைத்தவர்க்கு அக்குடத்தில் ஓலை இல்லை. இதனை மறைத்துப் பெருமை பேசுதல் ஆய்வாகாது.

ஆயினும் அக்கல்வெட்டுகளில் இன்றைய சட்டம் போதிய இடம் தராத ஓர் அறக்கருத்து உள்ளது. வாரியங்களில் பணியாற்றிக் கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் குடவோலைக்கு உரியரல்லர் என்பது விதி. பொறுப்பேற்றவர் யாரிடம் பொறுப்பேற்றாரோ அவரிடமே கணக்கு ஒப்புவிக்க வேண்டும் என்பது இதன் உட்பொருள். குடும்பு ஒருவரை அனுப்பும் அமைப்பாக மட்டுமன்றி, அனுப்பியவரிடம் கேட்கும் அமைப்பாகவும் கருதப்பட்டது. இரண்டாண்டு இடைவெளியில் அச்சபை தன் விதிகளைத் திருத்திக்கொண்டதும் நோக்கத்தக்கது. முதற் கல்வெட்டில் முப்பது முதல் அறுபது வரை என்றிருந்த வயது வரம்பு இரண்டாவதில் முப்பத்தைந்து முதல் எழுபது வரை என மாறியது. விதி மாறலாம், கணக்குக் கேட்கும் உறவு மாறவில்லை.

இக்கல்வெட்டுகளுக்கும் 1950ஆம் ஆண்டுச் சட்டத்திற்கும் இடையிலான அற மாற்றம் மிகப் பெரிது. சோழர் காலச் சபை சொந்த மனையில் வீடு கேட்டது. 1950ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20ஆம் பிரிவோ, ஒரு தொகுதியில் வீடு உடைமையாக இருத்தல் என்னும் ஒரே காரணத்தால் ஒருவர் அங்கு வழக்கமாக வசிப்பவர் ஆகிவிடமாட்டார் என்கிறது. வேண்டப்படுவது வசிப்பு, உடைமை அன்று. நிலமற்றவர், பிறர் கட்டிய வீட்டில் இருப்பவர், வீடே இல்லாதவர் யாவரும் தாம் வாழும் இடத்தின் வாக்காளர் ஆகலாம். மண்ணைப் பற்றியிருந்த உரிமை வாழ்வைப் பற்றுவதாயிற்று. இம்மாற்றத்தின் முழுப் பயனும், அதன் வரம்பும், தேயிலைத் தோட்டத்தில் வெளிப்படுகின்றன.

தேவிகுளம்

மூணாற்றைச் சூழ்ந்த கண்ணன் தேவன் மலைகளைப் பூஞ்ஞாறு அரசர் 1877இல் ஜான் டேனியல் மன்றோவுக்குக் குத்தகையாக அளித்தார். அதன்பின் எழுந்த தேயிலைத் தோட்டங்களுக்குத் தமிழ் மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் வழியே தொழிலாளர் குடும்பங்கள் கொண்டுவரப்பட்டன. தோட்ட நிர்வாகம் கட்டிய லயங்களே அவர்தம் இருப்பிடம். நிலமும் வீடும் நிர்வாகத்துக்குரியவை. உழைப்பு மட்டுமே அவர்களுக்குரியது. உத்திரமேரூர்ச் சபையின் அளவுகோலில் இவர்கள் ஒருவரும் தேறார். இந்திய அரசியலமைப்பின் அளவுகோலில் அனைவரும் தேறினர்.

மாநிலங்கள் மறுசீரமைக்கப்பட்டபோது இப்பகுதி ஒரு பெரிய எல்லைச் சிக்கலின் நடுவே நின்றது. மார்ஷல் நேசமணி தலைமையில் இயங்கிய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ், தென் திருவிதாங்கூர்த் தமிழ் வட்டங்களோடு தேவிகுளம், பீர்மேடு வட்டங்களையும் சென்னை மாநிலத்துடன் இணைக்கக் கோரியது. பசல் அலி தலைமையிலான மாநில மறுசீரமைப்பு ஆணையம் 1955இல் அளித்த அறிக்கை தெற்கு வட்டங்களையும் செங்கோட்டையையும் சென்னைக்கும், தேவிகுளம், பீர்மேடு ஆகியவற்றைக் கேரளத்துக்கும் பரிந்துரைத்தது. 1956 நவம்பர் 1 அன்று அவ்வாறே கோடு விழுந்தது. மலைப்பகுதியின் பொருளியல் இன்றியமையாமையும், தோட்டத் தொழிலாளர் வந்துபோகும் இயல்பினர் என்பதும் கேரளத்தின் சார்பில் வைக்கப்பட்ட வாதங்களாகும். அம்முடிவு சரியா தவறா என்பது ஈண்டு வினா அன்று. எழுபதாண்டு கடந்த எல்லையை மீண்டும் கிளறுவதால் லயத்தில் வாழ்பவருக்கு யாதொரு நன்மையும் இல்லை. ஆனால் அவ்வாதங்களில் இரண்டாவது அறவியல் நோக்கில் உற்றுநோக்கத்தக்கது. வந்துபோகும் இயல்பு தொழிலாளரின் குணம் அன்று. அவர்களை வீடின்றி வைத்த உழைப்பு முறையின் விளைவு. உடைமை இன்மையை வேர் இன்மையாகக் கொண்டு ஒரு சமூகத்தின் சொல்லைக் குறைத்து எடைபோடுதல், வாக்குரிமைச் சட்டம் கைவிட்ட பழைய அளவுகோலைப் பின்வாயில் வழியே மீண்டும் கொண்டுவருவதாகும்.

கேரளத்தின் முதல் தேர்தலில், 1957இல், 114 தொகுதிகளிலிருந்து 126 உறுப்பினர் தெரிந்தெடுக்கப்பட்டனர். பன்னிரண்டு தொகுதிகள் இரட்டை உறுப்பினர் தொகுதிகளாக இருந்தமையே இவ்வேறுபாட்டின் காரணம். தேவிகுளம் அவற்றுள் ஒன்று. அங்குப் பொது இடத்தில் வென்ற ரோசம்மா புன்னூசின் தேர்தல் செல்லாதென அறிவிக்கப்பட்டு 1958இல் நடந்த இடைத்தேர்தலில் அவரே மீண்டும் வென்றார். பாவலர் வரதராசன் தம் தம்பியரோடு மலையேறி வந்து தமிழ்ப் பாட்டுகளால் பரப்புரை செய்தது அவ்விடைத்தேர்தலில்தான். மலையாள மாநிலத்தின் ஓர் இடைத்தேர்தல் தமிழ்ப் பாட்டில் நடந்தது என்பது, நிலம் மயங்காவிடினும் உரி மயங்கும் என்பதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு.

இரட்டை உறுப்பினர் முறை இன்று பெரும்பாலும் மறக்கப்பட்டது. ஒரே எல்லைக்குள் பொது உறுப்பினர் ஒருவரும், பட்டியல் சாதி அல்லது பழங்குடி உறுப்பினர் ஒருவரும் இருப்பர். வாக்காளர் ஒவ்வொருவருக்கும் இரு வாக்குகள். பட்டியல் சாதி வாக்காளர் தம் சமூகத்து உறுப்பினரிடமும் பொது உறுப்பினரிடமும் ஒருசேரக் கணக்குக் கேட்கலாம். பிற வாக்காளரும் அவ்வாறே. இம்முறையின் இடர்ப்பாடுகள் மெய்யானவை. தொகுதி அளவில் பெரிதாயிற்று, செலவு கூடியது. பார்வதிபுரம் மக்களவைத் தொகுதியில் 1957இல் பழங்குடி வேட்பாளர் இருவரும் அதிக வாக்குகள் பெற்று இரு இடங்களையும் வென்றபோது வி. வி. கிரி வழக்குத் தொடர்ந்தார். பழங்குடி வேட்பாளர் பொது இடத்தையும் வெல்லலாம் என உச்ச நீதிமன்றம் 1959இல் தீர்ப்பளித்தது. இரண்டாண்டுகளில், 1961இல், நாடாளுமன்றம் சட்டமியற்றி இரட்டைத் தொகுதிகளை ஒழித்தது. ஒதுக்கப்பட்டோர் பொது இடத்தையும் வெல்ல முடியும் என்பது உறுதியானவுடன் அம்முறை நீங்கியது என்னும் காலநிரல் தானே பேசுவது. அதற்கு விளக்கம் வேண்டா.

அவ்வொழிப்பு ஓர் எல்லைச் செயலும் ஆகும். ஒரே பரப்பு இரண்டாக அறுக்கப்பட்டது. ஒரு பாதி ஒதுக்கீட்டுத் தொகுதி, மறுபாதி பொதுத் தொகுதி. பொதுப் பாதியில் வாழ்ந்த பட்டியல் சாதியினர், நேற்றுவரை தமக்கிருந்த ஒதுக்கீட்டு உறுப்பினரை ஒரு கோட்டினால் இழந்தனர். அவர்தம் வாக்கின் கணித மதிப்பு குறையவில்லை. எவரிடம் கேட்கலாம் என்பதே குறைந்தது. கட்டுரையின் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இங்கு ஒரு விடை கிடைக்கிறது. வாக்கு எண்ணத்தால் குறையாமலே ஒருவருக்கு இழப்பு நேர முடியும்.

மாநில எல்லையும் சாதி நிலையும்

தேவிகுளம் பின்னர்ப் பட்டியல் சாதியினர்க்கு ஒதுக்கப்பட்ட ஒற்றை உறுப்பினர் தொகுதியாயிற்று. 2008ஆம் ஆண்டு மறுவரையறைக்குப் பின்னும் அவ்வாறே நீடித்தது. மறையூர், காந்தளூர், வட்டவடை, மூணாறு, அடிமாலி முதலிய ஊராட்சிகள் அதனுள் அமைந்தன. இங்கே மற்றோர் எல்லை குறுக்கிடுகிறது. அரசியலமைப்பின் 341ஆம் உறுப்பு ஒரு சாதியைப் பட்டியல் சாதியாக அறிவிப்பது அந்தந்த மாநிலத்தைப் பொறுத்தே. ஒரு மாநிலத்தில் பட்டியல் சாதியினராக இருப்பவர் மற்றொரு மாநிலத்தில் குடியேறினால் அத்தகுதியை உடன் எடுத்துச் செல்ல இயலாது என்னும் கருத்தை உச்ச நீதிமன்றத்தின் அரசியலமைப்பு அமர்வு 1990இல் உறுதிப்படுத்தியது. மாநில எல்லை ஒருவருடைய ஒடுக்குமுறை அனுபவத்தை மாற்றுவதில்லை. அதற்குரிய ஈட்டை மட்டும் நிறுத்திவிடுகிறது. பறையர் தமிழ்நாட்டுப் பட்டியலிலும் உள்ளனர், கேரளப் பட்டியலிலும் உள்ளனர். எனினும் மலையின் இந்தச் சரிவில் பிறந்தவரின் பெயர்த்தி அந்தச் சரிவில் எந்தப் பட்டியலைச் சேர்ந்தவர் என்பது நீதிமன்றத்தில் மெய்ப்பிக்க வேண்டிய செய்தியாகிவிடுகிறது.

இது வெறும் கற்பனை இடர் அன்று. தேவிகுளத்தில் 2021இல் வென்ற உறுப்பினரின் தேர்தலைக் கேரள உயர் நீதிமன்றம் 2023 மார்ச்சில் தள்ளுபடி செய்தது. அவர் கேரளத்து இந்துப் பறையர் எனக் கொள்ளத்தக்கவர் அல்லர் என்பது அத்தீர்ப்பின் முடிவு. சமயமும், முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து வந்தமையும் அவ்வழக்கில் வினாக்களாயின. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கி அவருடைய தேர்தலை நிலைநிறுத்தியது. அதே உறுப்பினர் 2021இல் தமிழில் உறுதிமொழி ஏற்றபோது தமிழ் வாசகத்தில் ஒரு தொடர் விடுபட்டிருந்தமையால் மறுமுறை உறுதிமொழி ஏற்க நேர்ந்தது. ஒரு தொகுதியின் மொழி அதன் மாநிலத்தின் மொழியினின்றும் வேறுபடும்போது ஒரு தொடரின் பிழையும் அரசியல் நிகழ்வாகிறது.

தேர்தல் வழக்கின் சரி, தவறுகளை ஆராய்வது சட்டவல்லுநர் கடன். அறவியல் நோக்கில் கருதத்தக்கது வேறு. ஈராண்டுக் காலம் தேவிகுளத்து வாக்காளர், தம் உறுப்பினர் மெய்யாகவே தம் உறுப்பினர்தாமா என்பது தெரியாமல் இருந்தனர். வழக்கு அவரைப் பற்றியது. அவர்களைப் பற்றியும் ஆனது. முன்னோர் எச்சரிவிலிருந்து வந்தனர் என்னும் வினா அத்தொகுதியின் பெரும்பகுதி வாக்காளரை நோக்கியும் கேட்கத்தக்கதே.

சமன் என்னும் அளவுகோல்

எண்ணிக்கை வாதத்துக்கு உரிய இடத்தை மறுப்பது எளிதன்று, மறுக்கவும் கூடாது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1964இல் அளித்த ஒரு தீர்ப்பில், சட்டமன்ற உறுப்பினர் மக்களின் சார்பாளரே அன்றி மரங்களின், நிலப்பரப்பின் சார்பாளர் அல்லர் என்னும் கருத்து வலியுறுத்தப்பட்டது. தேயிலைச் செடி மனிதரினும் பன்மடங்காக நிற்கும் ஒரு தொகுதியில் இக்கருத்தின் நியாயம் கண்கூடு. இந்திய அரசியலமைப்பின் 170ஆம் உறுப்பும் ஒரு மாநிலத்தின் தொகுதிகளில் மக்கள்தொகைக்கும் இடங்களுக்கும் உள்ள விகிதம் இயன்றவரை ஒன்றாக இருக்க வேண்டும் என்கிறது. துலாக்கோலை நடுவுநிலைமைக்கு உவமையாக்கிய வள்ளுவர் மரபில் வந்தோர்க்கு இது அயலான அறமும் அன்று.

எல்லையை நகர்த்தாமலே விட்டால் நேர்வதையும் வரலாறு காட்டியுள்ளது. இங்கிலாந்தின் பழைய சாரம் என்னும் ஊர், குடியிருப்போர் ஏறத்தாழ இல்லாதொழிந்த பின்னும் நாடாளுமன்றத்திற்கு இரு உறுப்பினரை அனுப்பிக்கொண்டே இருந்தது. 1832ஆம் ஆண்டுச் சீர்திருத்தமே அதனை முடிவுக்குக் கொணர்ந்தது. கேரளத்தில் 2008ஆம் ஆண்டு மறுவரையறையால் மலப்புரம் மாவட்டத்தின் இடங்கள் 12இலிருந்து 16 ஆயின. அம்மாவட்டத்து மக்கள் நெடுங்காலம் குறைவாக எண்ணப்பட்டு வந்தனர் என்பதே இதன் பொருள். மறுபுறம் பந்தளம், கல்லூப்பாறை போன்ற தொகுதிப் பெயர்கள் மறைந்தன. பந்தளத்துக்காரர் தம் ஊரின் பெயரை வாக்குச்சீட்டில் இழந்ததற்காக வருந்தலாம். ஆனால் அவ்வருத்தத்தை மலப்புரத்துக்காரரின் உரிமைக்கு எதிராக நிறுத்துவது நேர்மையாகாது. ஆகவே எல்லை நகரவே கூடாது என்னும் நிலைப்பாடு அறத்தின் முன் நில்லாது.

மாநிலங்களுக்கு இடையிலான கணக்கு இதனினும் சிக்கலானது. 1961ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் அடிப்படையில் தமிழகத்தின் மக்களவை இடங்கள் 41இலிருந்து 39 ஆகக் குறைந்தன. குடும்பக் கட்டுப்பாட்டில் முன்னேறிய மாநிலங்கள் தண்டிக்கப்படலாகாது என்னும் கருத்தினால் 1976இல் 42ஆம் திருத்தமும் 2001இல் 84ஆம் திருத்தமும் மாநிலங்களுக்குரிய எண்ணிக்கையை 1971ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்மேல் நிறுத்தின. 2026க்குப் பிந்திய முதற் கணக்கெடுப்பு வரை அந்நிறுத்தம் நீளும் என்பது 84ஆம் திருத்தத்தின் ஏற்பாடு. 2025 ஜூனில் வெளிவந்த அறிவிக்கை கணக்கெடுப்பின் மேற்கோள் நாளை 2027 மார்ச் 1 எனக் குறித்தது. தென் மாநிலங்களில் எழுந்த கவலைக்கு இதுவே பின்னணி. ஒரு மாநிலத்திற்கு அளிக்கப்பட்ட வாக்குறுதியைத் தனிமனிதச் சமத்துவத்தின் பெயரால் மீறுவது முறையா, அவ்வாக்குறுதியின் பெயரால் பிறந்துவிட்ட மனிதரை எண்ணாது விடுவது முறையா என்பது உண்மையான அறமுரண். இதற்கு எளிய விடை கூறுவோரை ஐயுறுதல் நலம்.

இம்முரணில் இருசாராரும் பொதுவாக விட்டுவிடும் ஒன்று உண்டு. அது காலம். உறுப்பினர் ஒருவர் தேர்ந்தெடுக்கப்படும் நாளில் அவர்மேல் ஒரு கடன் ஏறுகிறது. அக்கடன் ஐந்தாண்டின் முடிவில், அதே மக்கள் முன் அவரோ அவர் கட்சியோ மீண்டும் நிற்கும்போது தீர்க்கப்படுகிறது. எட்மண்ட் பர்க் 1774இல் பிரிஸ்டல் வாக்காளரிடம் தம் அறிவின் தீர்ப்பையே அவர்களுக்குத் தரக் கடமைப்பட்டிருப்பதாக உரைத்தார். 1780இல் பிரிஸ்டல் அவரை மீண்டும் அனுப்பவில்லை. யார் பக்கம் நியாயம் என்பது ஒருபுறம் இருக்க, அனுப்பியவரே திருப்பியழைக்க முடிந்தது என்பதே சார்பாண்மையின் உயிர். இரு தேர்தல்களுக்கு இடையே எல்லை நகர்ந்தால் இவ்வுறவு துணிக்கப்படுகிறது. புதிய தொகுதிக்கு மாற்றப்பட்ட ஊரார், தமக்கு யாதொரு கடனும் படாத ஒருவரை மதிப்பிட்டு வாக்களிக்க வேண்டும். அவர்களுக்குக் கடன்பட்டவரோ, அவர்களின் வாக்கை இனி வேண்டாத இடத்தில் நிற்பார். கட்சி தொடர்கிறதே எனலாம். அது ஓரளவு உண்மை. ஆனால் பாலம் கட்டித் தருவதாகச் சொன்னது கட்சியின் சின்னம் அன்று, ஓர் ஆள்.

எல்லை நகரவே கூடாது என்பதற்கும், எண்ணிக்கை சரியானால் போதும் என்பதற்கும் இடையே ஒரு நிலை இங்குப் புலப்படுகிறது. எல்லை நகரலாம், நகர்த்தப்படுவோர் ஓர் இழப்பை அடைகின்றனர் என்பதை நகர்த்துவோர் ஏற்க வேண்டும். இழப்பு நேரும் இடத்தில் காரணம் சொல்லும் கடனும் நேரும்.

கேட்டலும் கேட்கப்படுதலும்

இக்கடனைச் சட்டம் எவ்வாறு நிறைவேற்றுகிறது? 2002ஆம் ஆண்டு மறுவரையறைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, தொகுதி இயன்றவரை இடைவெளியற்ற ஒரே பரப்பாக அமைதல், இயற்கை அமைப்பு, நடப்பிலுள்ள ஆட்சி எல்லைகள், போக்குவரத்து, மக்கள் வசதி ஆகியவற்றைக் கருதச் சொல்கிறது. மொழி அப்பட்டியலில் இல்லை. முன்மொழிவை வெளியிட்டு மறுப்புகளைப் பெற்றுப் பொது அமர்வுகள் நடத்த வேண்டும் என்பதும் அதன் விதி. ஆணையத்தோடு மாநிலத்தின் மக்களவை, சட்டமன்ற உறுப்பினர் சிலர் இணை உறுப்பினராக அமர்வர். ஆனால் அவர்களுக்கு வாக்கு இல்லை. இறுதி ஆணை மக்களவையிலும் சட்டமன்றத்திலும் வைக்கப்படும்; அவை அதில் ஓர் எழுத்தையும் மாற்ற இயலாது. 329ஆம் உறுப்பு நீதிமன்றக் கதவையும் சாத்துகிறது. உஜ்ஜயினித் தொகுதி ஒதுக்கீட்டுத் தொகுதியாக மாற்றப்பட்டதை எதிர்த்து மேகராஜ் கோத்தாரி தொடுத்த வழக்கில், இத்தகைய ஆணைகளை ஒவ்வொரு வாக்காளரும் நீதிமன்றத்தில் வினவலாமெனில் தேர்தலே நடவாது என்னும் காரணத்தை உச்ச நீதிமன்றம் 1966இல் ஏற்றது. 2024இல் அந்நீதிமன்றமே, வெளிப்படையாகத் தன்னிச்சையானதும் அரசியலமைப்பின் விழுமியங்களோடு பொருந்தாததுமான மறுவரையறை ஆணையை ஆராயும் அதிகாரம் முற்றும் மூடப்பட்டதன்று எனத் தெளிவுபடுத்தியது.

கதவு சாத்தப்பட்டதற்கு நடைமுறைக் காரணம் உண்டு என்பதை ஒப்பலாம். மறுத்துரைக்கும் வழி பின்னர் இல்லையெனில், முன்னர்க் கேட்கும் கடன் பன்மடங்காகிறது என்பதையும் உடன் ஒப்ப வேண்டும். பொது அமர்வு நகரத்து மண்டபத்தில் நடக்கும். மலைமேல் ஒரு நாள் கூலியை இழந்து அங்கு வருபவர் எத்தனை பேர்? வந்தாலும் எம்மொழியில் பேசுவர்? உத்திரமேரூர்ச் சபை கணக்குக் காட்டாதவரைக் குடவோலையிலிருந்து நீக்கியது. எல்லை வரைந்தவரிடம் கணக்குக் கேட்கும் முறையை அதுவும் சொல்லவில்லை. நாமும் இன்னும் முழுதாகக் காணவில்லை.

மூணாற்றுத் தோட்டப் பெண்கள் 2015 செப்டம்பரில் 20 விழுக்காடு போனஸ் கேட்டு வீதியில் அமர்ந்தனர். பெண்கள் ஒற்றுமை எனப் பொருள்படும் பெயரில் திரண்ட அவர்கள், தொழிற்சங்கத் தலைவர்களையும் கட்சிக்காரர்களையும் தம் நடுவே அமரவிடவில்லை. சார்பாளர் வழியாகப் பேசுவதை அன்று அவர்கள் மறுத்தனர். அத்தொகுதி எண்ணத்தால் சமமாகவும், ஒதுக்கீட்டால் உரியவர்க்குரியதாகவும், எல்லையால் ஒழுங்காகவும் இருந்தது. எனினும் தாம் கேட்கப்படவில்லை என அவர்கள் கருதினர். ஐந்தாண்டுகள் கழித்து, 2020 ஆகஸ்ட் 6 இரவு, பெட்டிமுடியில் மண் சரிந்து லயங்களை மூடியபோது எழுபது பேர் மாண்டனர். அவருட் பெரும்பாலோர் தமிழ்நாட்டுத் தென் மாவட்டங்களை வேராகக் கொண்ட குடும்பத்தினர். இறந்தோரின் உறவினர் மாநில எல்லையின் இருபுறமும் இருந்தனர். அந்த லயங்கள் அவ்விடத்தில் ஏன் இருந்தன என்னும் கேள்வியைக் கேட்கும் வாக்கு ஒருபுறம் மட்டுமே இருந்தது.

இறுதியாக ஒன்று. மறுவரையறை என்னும் சொல் ஆளின் மேலாக எல்லை நகர்வதையே குறிக்கிறது. எல்லையின் மேலாக ஆள் நகர்த்தப்படுவதற்கு அத்தகைய சொல் இல்லை. தோட்டத்தில் முப்பது, நாற்பது ஆண்டு கொழுந்து பறித்த பெண் பணி ஓய்வு பெறும்போது, அவர் குடும்பத்தில் வேறெவரும் அத்தோட்டத்தில் பணியாற்றாவிடின், லயத்தை ஒப்படைக்க வேண்டும். வேறு வீடு இல்லாத நிலையில் அவர் செல்வது பெரும்பாலும் பெற்றோரோ பாட்டனாரோ விட்டுவந்த தமிழ்நாட்டு ஊருக்கே. வழக்கமான வசிப்பிடம் மாறியமையால் அவர் பெயர் தேவிகுளத்துப் பட்டியலிலிருந்து நீங்கும். சட்டப்படி அது முறையே. அவருக்கு வாக்களித்த மண்ணின் உறுப்பினர், வீட்டுமனை தருவதாக எந்தத் தேர்தலில் உறுதி கூறியிருந்தாலும், அதற்கு இனி அவரிடம் கணக்குச் சொல்ல வேண்டுவதில்லை. புதிய ஊரின் வாக்குச்சாவடி அலுவலர் அவரிடம் கேட்பது, இதுவரை எங்கிருந்தீர்கள் என்பதாகும்.